சுகந்தி நகர்ப் பூங்காவும் திருட்டுப் பிள்ளையாரும்

கடவுள் சிலரைப் பயப்படுவதற்கென்றே படைத்து அனுப்புகிறார். சுகந்தி நகர் ஜெபராஜ் அந்த ரகம். தாம்பரம் ஸ்டேஷனில் ஊரே தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டிப் போகும். அவர் மட்டும் மேம்பாலம் ஏறி இறங்கி, ஏற வேண்டிய வண்டியைத் தவற விடுவார். நாய் குரைத்தால் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போவார். எழும்பூரில் அவர் குமாஸ்தாவாக இருந்த அரசாங்க அலுவலகத்தில் சூப்பரின்டெண்ட் இருமினால்கூட, நம்மைப் பார்த்துத்தான் இருமினாரோ என்று மத்தியானச் சோறு இறங்காது. இப்படிப்பட்ட மனுஷரை ஒரு சங்கத்துக்குச் செயலாளராகப் போடலாமா? போட்டார்கள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று காரணம் சொன்னார்கள். உண்மைக் காரணம் வேறு. யார் செயலாளர் என்ற கேள்வி வந்ததும் கூட்டத்தில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஜெபராஜ் கொஞ்சம் தாமதமாகப் பார்த்துவிட்டார்.

மேற்குத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் போகிற வழியில், நெல் விளைந்த நிலத்தில் கல் நட்டுப் பிரித்த மனைகள்தான் சுகந்தி நகர். பிரித்தவர் அரிகிருஷ்ணன், அந்த ஊர்க்காரர். பூர்வீக நிலத்தை மனை போட்டு விற்று, மகள் பேரை நகருக்கு வைத்தார். விற்கிறபோது காட்டிய வரைபடத்தில் நடுவே ஒரு சதுரம் இருந்தது. அதற்குப் பச்சை மை பூசி 'பூங்கா' என்று எழுதியிருந்தார்கள். அரை கிரவுண்டு வாங்கிக் கடன்பட்டு வீடு கட்டியவர்கள் எல்லோரும் அந்தப் பச்சையில் மயங்கியவர்கள்தான். வந்து பார்த்தால் பச்சை இருந்தது, ஆனால் அத்தனையும் சீமைக் கருவேல முள்.

முள்ளை அவர்களே வெட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆபீசர்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டி பிடித்தார்கள். பழைய இரும்புக் குழாயில் ஒரு ஊஞ்சல் வந்தது, ஒரு சறுக்கு மரம் வந்தது. சுற்றிலும் புங்கங்கன்றுகள் நட்டார்கள். கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையை ஜெபராஜ் எடுத்துக்கொண்டார். அவருக்கும் ஹில்டாவுக்கும் பிள்ளைகள் இல்லை. சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்ததும், ஊர்ப் பிள்ளைகள் ஊஞ்சலுக்கு அடித்துக்கொள்கிற சத்தத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்பார். ஹில்டா பள்ளிக்கூட டீச்சர். நாளெல்லாம் கேட்ட சத்தம் போதாதா என்று அலுத்துக்கொள்வாள். ஆனாலும் காபியை ஜன்னலுக்கே கொண்டுவந்து கொடுப்பாள்.

கன்றுகள் ஆள் உயரம் வந்த வருஷம், டேப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் பார்க்கை அளந்துவிட்டுப் போனார்கள். யார், எதற்கு என்று கேட்டதற்குச் சிரித்தார்கள். பஞ்சாயத்து ஆபீசில் விசாரித்தால், மற்ற நகர்களின் வரைபடங்கள் எல்லாம் இருந்தன, சுகந்தி நகர் வரைபடத்தை மட்டும் காணவில்லை. அன்று சாயங்காலமே சங்கத் தலைவர் ராஜகோபால் வீட்டில் கூட்டம் கூடியது. ராஜகோபால் மத்திய அரசில் கணக்கு அதிகாரி. கோர்ட்டுக்குப் போகலாமா, மனு கொடுக்கலாமா என்று எல்லோரும் குழம்பிக்கொண்டிருந்தபோது, காபி கொண்டுவந்த அவர் மனைவி திரிபுரசுந்தரி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

"ஒரு பிள்ளையார வச்சிடுங்க. சாமி இருக்கிற எடத்துல எவன் கை வைப்பான்?"

"நல்ல யோசனை. மகாபலிபுரத்துல ஆர்டர் குடுத்துடலாம்" என்றார் ஒருவர்.

"வாங்கி வச்சா காவலுக்கு ஆகாதுங்க. திருடிட்டு வந்து வைக்கணும். திருட்டுப் பிள்ளையாருக்குத்தான் சக்தி."

ஆபீஸ் பென்சிலை வீட்டுக்கு எடுத்து வரவும் கூசுகிற மனுஷர்கள் அவர்கள். ஆனால் பிள்ளையாரைத் திருடுவதற்கு ஒருவர்கூட ஆட்சேபம் சொல்லவில்லை. எங்க ஊர்லயும் அப்படித்தான், எங்க தாத்தா காலத்துல ஆத்தங்கரையிலேர்ந்து கொண்டாந்து வச்சதுதான் என்று ஆளாளுக்கு உதாரணம் சொன்னார்கள். ஜெபராஜ் மட்டும், தான் கிறிஸ்தவன், இதிலிருந்து தப்பித்தோம் என்று நிம்மதியாக இருந்தார். அந்த நிம்மதி காபி ஆறுகிற வரைக்கும் நீடிக்கவில்லை. கல் பிள்ளையாரின் கனத்தைத் தாங்குகிற ஸ்கூட்டர் நகரில் அவரிடம் மட்டும்தான் இருந்தது. மற்றவர்கள் வைத்திருந்ததெல்லாம் மொபெட்.

நேரம் குறித்தவர் ராஜகோபால். அந்த நாட்களில் ஞாயிறு காலையில் டிவியில் இதிகாசத் தொடர் ஓடும். தெருவில் காக்கா குருவி இருக்காது. பட்டப்பகலில் திருட அதைவிட நல்ல நேரம் கிடையாது. அந்த ஞாயிறு ஜெபராஜ் சர்ச்சுக்குப் போகவில்லை. 'களவு செய்யாதிருப்பாயாக' என்று சின்ன வயதில் ஒப்பித்துப் பரிசு வாங்கியவர், முடிச்சூர் ஏரிக்கரைக்கு ஸ்கூட்டர் ஓட்டினார். அங்கே ஒரு பாழடைந்த கிணற்று மேட்டில், வேப்பமரத்தடியில், எண்ணெய் காணாத ஒரு பிள்ளையார். இடது காது நுனி உடைந்திருந்தது. கேட்பாரற்ற சாமி என்றுதான் நினைத்தார்கள். ராஜகோபால் தேங்காய் உடைத்து மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கடப்பாரையைப் போட்டார்.

ஸ்கூட்டரின் கால் வைக்கிற இடத்தில் புது வேட்டியை மடித்துப் போட்டு அதன்மேல் பிள்ளையாரை ஏற்றி, போர்வையால் மூடினார்கள். ராஜகோபால் பின்னால் உட்கார்ந்து, ஜெபராஜைக் கட்டிக்கொண்ட மாதிரி இரண்டு பக்கமும் கையை நீட்டிச் சாமியைப் பிடித்துக்கொண்டார். வழியெல்லாம் ஜெபராஜுக்கு முழங்கால் நடுங்கியது. நடுங்குகிறபோதெல்லாம் அது சாமியின் தலையில் இடித்தது. இடித்த ஒவ்வொரு தடவையும் அவர் யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல், பொதுவாகக் கேட்டுக்கொண்டார்.

பிள்ளையார் வந்த பிறகு டேப் பிடித்த ஆட்கள் வரவில்லை. பார்த்தீர்களா என்று திரிபுரசுந்தரி எல்லோரிடமும் சொன்னாள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நம்முடைய சங்கங்களுக்கு ஒரு வியாதி உண்டு. சிறப்பு விருந்தினர் இல்லாமல் ரப்பர் பந்துப் போட்டியைக்கூட நடத்தத் தெரியாது. விநாயகர் சதுர்த்திக்கு அவர்கள் கூப்பிட்டது யாரை என்று நினைக்கிறீர்கள்? அரிகிருஷ்ணனை. அந்தாளே வந்து கும்பிட்டுவிட்டால் அப்புறம் எந்த முகத்தோடு இடத்தைக் கேட்பான் என்று கணக்கு. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்களே, அது இதுதான்.

அரிகிருஷ்ணன் பட்டுவேட்டி கட்டிக்கொண்டு வந்தார். தன் கையாலேயே பால் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே வந்த கை இடது காதருகே நின்றது. உடைந்த நுனியைப் பெருவிரலால் ஒருமுறை தடவினார். பிறகு திரும்பி, நின்றிருந்த ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துச் சிரித்துவிட்டு, மிச்சப் பாலையும் ஊற்றினார். அந்தச் சிரிப்பைப் பார்த்த ஜெபராஜ் வீட்டுக்குப் போய்க் காய்ச்சலில் படுத்தார்.

காய்ச்சல் சரியாகிவிட்டது. அந்தச் சிரிப்பு என்ன சிரிப்பு என்று தெரிய இரண்டு வருஷம் ஆயிற்று. தொண்ணூற்றொன்றில் ஒரு நாள் காலை பார்க்குக்குள் லாரி லாரியாக ஜல்லி வந்து இறங்கியது. ஊஞ்சலை அறுத்து ஓரமாகப் போட்டிருந்தார்கள். நடுவே ஒரு போர்டு: 'கங்கையம்மாள் நினைவு விநாயகர் ஆலயம், திருமண மண்டபம் அமையும் இடம்.' கங்கையம்மாள் அரிகிருஷ்ணனின் செத்துப்போன அம்மா. பிள்ளையார் எங்கள் குடும்பச் சாமி, என் தாத்தா காலத்திலிருந்து அதே இடத்தில் இருக்கிறது, சாமி இருக்கிற நிலத்தை நாங்கள் யாருக்கும் பார்க்காக விட்டுக் கொடுத்ததே இல்லை என்பது அவர் கட்சி. பிள்ளையார் பிடிக்கப்போய் குரங்காய் முடிந்தது.

சங்கம் தாலுகா ஆபீசுக்கு மனு எழுதியது. எழுதியது ஜெபராஜின் முத்துக் கையெழுத்துதான். வியாழக்கிழமை தாசில்தாரே நேரில் வந்து பார்த்து விசாரிப்பார் என்று பதில் வந்தது. இடம் யாருடையது என்பது ஒரே ஒரு கேள்வியில் நின்றது. சாமி அங்கே எப்போது வந்தது? வரைபடம் போட்டதற்கு முன்னாலா, பின்னாலா? சுகந்தி நகரில் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாதவர் இல்லை. சொல்லக்கூடியவரும் இல்லை. சொன்னால் திருடினோம் என்று சொல்ல வேண்டும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஜெபராஜ் ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்தபோது பக்கத்தில் ஒரு புல்லட் வந்து மெதுவாக உருண்டது. ஓட்டியவன் குப்புராஜ். அரிகிருஷ்ணனுக்கு வாடகை வசூலிப்பவன், காலி மனைக்கு வேலி போடுபவன், வேலியைப் பிடுங்குபவனும் அவன்தான்.

"இன்னா சார், நடந்தா போற? குந்து, வூட்ல வுட்டுடறேன்."

"பரவால்லப்பா, பக்கம்தான்."

"குந்து சார்."

இரண்டாவது தடவை அவன் சொன்ன விதத்தில் ஜெபராஜ் ஏறி உட்கார்ந்துவிட்டார். வண்டி சுகந்தி நகர் திருப்பத்தில் திரும்பவில்லை. நேராகப் போனது. "திருப்பத்த விட்டுட்டியேப்பா" என்று சொல்ல நினைத்தார். சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். ஏரிக்கரையில் இருட்டத் தொடங்கியிருந்தது. கிணற்று மேட்டுக்குக் கீழே குப்புராஜ் வண்டியை நிறுத்தினான். வேப்பமரத்தடியில் ஒரு பள்ளம், அதில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது.

"இங்க ஒரு சாமி இருந்துச்சு சார்" என்றான் குப்புராஜ். பீடியைப் பற்ற வைத்தான். "முதலாளியோட அம்மா வச்சுக் கும்பிட்ட சாமி. சாவுற வரிக்கும் வெள்ளிக்கெயம வெள்ளிக்கெயம வெளக்கு ஏத்திக்கினு இருந்தாங்க. ஒரு நாளு பாத்தா காணோம். எல்லாரும் டிவி பாத்துக்கினு இருப்பாங்கன்னு நெனச்சிட்டே. ரோட்டுல பொட்டிக்கட வச்சிருக்கான் பாரு, அவனாண்ட டிவி இல்ல சார்."

ஜெபராஜுக்குப் பள்ளத்தில் தள்ளிவிடுவானோ என்று தோன்றியது. கிணறு எங்கே இருக்கிறது என்று கண்ணால் தேடினார்.

"பேஜார் பண்ணாத சார். வியாயக்கெயம தாசில்தாரு கேப்பாரு. சாமி எப்ப வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுன்னு சொல்லிடு. அவ்ளோதான் மேட்டரு. இல்லேன்னா வச்சிக்கோ, எங்க சாமிய ஒரு கிறிஸ்டின் ஆளு பேத்துக்கினு போய்ட்டான்னு ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துடுவோம். அப்பறம் ஊரு இன்னா பண்ணும்னு நீயே யோசிச்சிக்கோ. படிச்சவன்தானே?"

அப்புறம் அவன் சொன்னபடியே வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டான். ஹில்டாவைப் பார்த்து, "வணக்கம் டீச்சர்" என்றுகூடச் சொன்னான்.

ஜெபராஜ் சட்டையைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அரசாங்க வேலையில் இருக்கிற எவருக்கும் மனப்பாடமான விதி ஒன்று உண்டு: நாற்பத்தெட்டு மணி நேரம் போலீஸ் காவலில் இருந்தால் தானாகவே சஸ்பென்ஷன். வேலை போகும். ஊர் கல்லெறியும். பேப்பரில் பேர் வரும். நடுவே ஒரு தடவை, செத்துப்போன தன் அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார் என்றுகூடச் சொன்னார். ஹில்டா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். நானும் சங்கத்துல மெம்பர்தானே. நான் சொல்லிக்கிறேன்" என்றாள்.

"என்னன்னு சொல்லுவே?"

"நடந்ததை."

"பைத்தியமா உனக்கு?"

"ஜன்னல்ல உக்காந்து யாரோட சத்தத்தைக் கேட்பீங்க இனிமே? மண்டபத்து நாதஸ்வரத்தையா?" என்று கேட்டுவிட்டு அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

அவர் எழுந்து ராஜகோபால் வீட்டுக்கு ஓடினார். ராஜகோபாலுக்கு முன்பே விஷயம் வந்திருந்தது. அவரைப் புல்லட்டில் இல்லை, பதவிக்குத் தக்கபடி காரில் ஏற்றிப் போயிருந்தார்கள். மனுஷர் இரண்டு நாளில் பாதியாகியிருந்தார். "ஜெபராஜ் சார், மூத்தவளுக்கு வரன் பார்த்துட்டிருக்கோம். இந்த நேரத்துல போலீஸ், கேஸுன்னு... நாம தெரியாதுன்னு சொல்லிடுவோம். பார்க் போனா போவட்டும் சார். பிள்ளைங்க தெருவுல விளையாடாதா?" என்றார். கதவோரம் நின்ற திரிபுரசுந்தரி தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். திரும்பி வரும்போது ஜெபராஜுக்கு, வெட்கமாகச் சொன்னால், சந்தோஷமாகத்தான் இருந்தது. எல்லோரும் தெரியாது என்று சொன்னால் தானும் சொல்லலாம். தனியாகக் கோழையாக இருப்பதுதான் கஷ்டம். கூட்டமாக இருந்தால் அதற்குப் பேர் ஒற்றுமை.

வியாழக்கிழமை தாசில்தார் ஜீப்பில் வந்தார். வெயில் தாங்காமல், ஜெபராஜ் வளர்த்த புங்க நிழலிலேயே நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தார். பக்கத்தில் எழுதுவதற்கு ஒரு குமாஸ்தா. ஒரு பக்கம் அரிகிருஷ்ணனும் ஆட்களும், இன்னொரு பக்கம் நகர்க்காரர்கள். பிள்ளையார் இரண்டு கூட்டத்துக்கும் நடுவே, உடைந்த காதோடு உட்கார்ந்திருந்தார்.

அரிகிருஷ்ணன் தன் கட்சியைச் சொல்லி முடித்தார். சத்தமே போடவில்லை. "எங்க அப்பா நடந்து பழகினதே இந்தச் சாமியப் புடிச்சுக்கினுதான் சார்" என்றபோது அவருக்குக் கண்கூடக் கலங்கியது.

தாசில்தார் திரும்பி, "தலைவர் யாருங்க? நீங்க சொல்லுங்க. இந்தச் சாமி எப்ப வந்தது?" என்றார்.

ராஜகோபால் முன்னால் வந்தார். தெரியாது என்றுதான் அவர் சொல்வதாகப் பேச்சு. ஆனால் பயம் ஒருமுறை பிடித்துக்கொண்டால் பேசியதோடு நிற்காது. "நாங்க குடிவந்தப்பவே இருந்துதுங்க" என்றார்.

ஜெபராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குமாஸ்தா அதை எழுதிக்கொண்டார். அடுத்தவரைக் கேட்டார்கள், தெரியாது. அதற்கடுத்தவரும் தெரியாது. முள் வெட்டியபோது கை கிழிந்து தையல் போட்டுக்கொண்டவரைக் கேட்டார்கள். தலைவர் சொன்னது சரிதாங்க. கேள்வி ஒவ்வொரு ஆளாகத் தாண்டி நெருங்கி வந்தது. ஜெபராஜ் தெரியாது, தெரியாது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டார்.

"செயலாளர் யாரு?"

அவர் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் புடவை அசைந்தது. ஹில்டா ஓரடி முன்னால் போயிருந்தாள். "சார், நான் சொல்றேன் சார். அந்தப் பிள்ளையாரை..."

குப்புராஜ் அவளைத் திரும்பிப் பார்த்தான். திட்டவில்லை, முறைக்கவில்லை. ஆளை மேலும் கீழும் ஒருமுறை பார்த்து மனதில் குறித்துக்கொண்டான், அவ்வளவுதான். ஹில்டா தினமும் பள்ளிக்கூடத்திலிருந்து அந்த ரோட்டில்தான் தனியாக நடந்து வருகிறாள். ஜெபராஜ் அந்தப் பார்வையைப் பார்த்தார். அதுவரை அவர் வாழ்க்கையில் பட்ட பயமெல்லாம், நாயும் தண்டவாளமும் சூப்பரின்டெண்டும் ஏரிக்கரையும், பயமே இல்லை என்று ஆகிவிட்டது.

"நான்தான் திருடினேன் சார்!"

கத்திவிட்டார். குரல் கிறீச்சென்று உடைந்து வந்தது. யாரோ சிரிக்கக்கூடச் செய்தார்கள். ஹில்டாவைக் கையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்துவிட்டு அவர் முன்னால் வந்து நின்றார்.

"என்னது?" என்றார் தாசில்தார்.

"பிள்ளையாரை சார். முடிச்சூர் ஏரிக்கரைல கிணத்து மேட்டுலேர்ந்து. எண்பத்தொம்பதுல. காவலுக்கு வச்சா யாரும் இடத்துல கை வைக்க மாட்டாங்கன்னு... திருடின சாமின்னா சக்தின்னு... பள்ளம் இன்னும் அங்கயே இருக்கு சார், முந்தாநாள்கூடப் பார்த்தேன். அவங்க வீட்டுச் சாமின்னு தெரியாது. என் சம்சாரத்துக்கு இதுல ஒண்ணுமே தெரியாது சார்."

"இவ்வளவு பெரிய கல்லை நீங்க ஒருத்தரா தூக்கினீங்க?"

ஜெபராஜ் திரும்பிப் பார்த்தார். ராஜகோபால் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் திரிபுரசுந்தரி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், பயத்தில் பாதி அந்தப் பக்கம் போய்விடும்.

"ஒருத்தனாத்தான் சார்" என்றார்.

தாசில்தார் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் குமாஸ்தாவிடம், "எழுதிக்கய்யா. கையெழுத்து வாங்கு" என்றார். ஜெபராஜ் கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு கையெழுத்து மட்டும் முத்தாக வரவில்லை. கோழி கிளறிய மாதிரி வந்தது. போட்டுவிட்டு, இரண்டு கையையும் முன்னால் நீட்டாத குறையாக நின்றார். அங்கேயே ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள் என்றுதான் நினைத்தார்.

தாசில்தார் அரிகிருஷ்ணனைப் பார்த்தார். "உங்க சாமியத் திருடிட்டேன்னு ஒரு ஆள் ஒத்துக்கறாரு. போலீஸ்ல புகார் குடுக்கறீங்களா?"

அரிகிருஷ்ணன் வாயைத் திறந்தார். அதற்குள் தாசில்தார் தொடர்ந்தார்.

"குடுங்க. தாராளமா குடுங்க. ஆனா ஏரிக்கரையிலேர்ந்து காணாமப் போச்சுன்னு எழுதணும். அப்ப, தாத்தா காலத்துலேர்ந்து சாமி இங்கதான் இருந்துதுன்னு இப்ப சொன்னீங்களே, அது பொய்யாயிடும். புகார் குடுக்கலேன்னா இவர் சொன்னதை நீங்க மறுக்கலன்னு நான் எழுதிக்குவேன். எது வேணும்?"

குப்புராஜ் முதலாளி முகத்தைப் பார்த்தான். முதலாளி பிள்ளையாரைப் பார்த்தார். அவர்கள் ஓட்டிய மிரட்டல் அவர்கள் காலிலேயே ஏறி நின்றது. ஏரிக்கரையில் பீடி பிடித்தபோது அது குப்புராஜுக்குத் தெரியவில்லை. ஜெபராஜுக்கும் தெரியவில்லை. அந்த நிமிஷத்திலும்கூட அவருக்கு முழுசாக விளங்கவில்லை.

"யோசிச்சு சொல்றேன் சார்" என்றார் அரிகிருஷ்ணன் கடைசியாக. "புகாரு எப்ப வோணா குடுக்கலாம் இல்ல?"

"எப்ப வேணாலும் குடுக்கலாம்" என்ற தாசில்தார், ஜல்லியை வாரத்துக்குள் அள்ளச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் கிளம்பியதும் கூட்டம் கலைந்தது. ஜெபராஜிடம் யாரும் நெருங்கவில்லை. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல விலகிப் போனார்கள். அரிகிருஷ்ணன் மட்டும் நெருங்கி வந்தார்.

"ரிட்டையர் ஆவறதுக்கு இன்னும் எத்தினி வருசம் கீது சார் உனக்கு?"

"பதினொண்ணு."

"அவசரமில்ல" என்றார் அரிகிருஷ்ணன் மெதுவாக. "அவரு சொன்னத கேட்ட இல்ல? எப்ப வோணா குடுக்கலாம். ரிட்டையர் ஆவறதுக்கு மொத நாளு குடுக்கறேன். பென்ஷனும் வராது, ஒண்ணும் வராது. அதுவரிக்கும் நிம்மதியாத் தூங்கு."

ஜெபராஜ் ஹில்டாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் தாசில்தார் போட்ட முடிச்சு அவருக்குப் புரிந்தது; புரிந்ததும் அழுகைதான் வந்தது.

"குடுங்கண்ணா" என்றார். "என்னிக்குக் குடுத்தாலும் சாமி ஏரிக்கரைலதான் இருந்துதுன்னு நீங்களே கையெழுத்துப் போடணும். அதுக்கப்புறம் உங்க பேரப்பிள்ளைங்ககூட இந்த இடத்தைக் கேக்க முடியாது. குடுங்க. எனக்குப் பயமாத்தான் இருக்கு. இருந்தாலும் குடுங்க."

அரிகிருஷ்ணன் சிரிக்கவில்லை. குப்புராஜைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஜல்லி போயிற்று, போர்டு போயிற்று. ஊஞ்சலுக்குப் புதுக் குழாய் போட்டுக் கொடுத்தவர் ராஜகோபால். ஆனால் அதற்கப்புறம் ஜெபராஜின் முகத்தைப் பார்த்துப் பேச அவரால் முடியவில்லை. பிள்ளைகளின் சத்தம் மறுபடியும் ஜன்னல் வழியாக வந்தது. அரிகிருஷ்ணன் புகார் கொடுக்கவும் இல்லை, கொடுக்க மாட்டேன் என்று சொல்லவும் இல்லை.

சுகந்தி நகருக்குள் ஜீப் சத்தம் கேட்கிற நாளெல்லாம், வீட்டுக்குள் வந்து இழுத்துப் போகிற அவமானம் வேண்டாம் என்று ஜெபராஜ் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நிற்பார். அப்போது கையில் எடுத்துக்கொள்ள, கதவுக்குப் பின்னால் ஹில்டா ஒரு துணிப்பை தொங்கவிட்டிருந்தாள். அதில் மாற்றுவேட்டி, துண்டு, ரத்தக்கொதிப்பு மாத்திரை, ஒரு சின்ன பைபிள். ஜீப் திரும்பி வேறு தெருவுக்குப் போனதும் அவர் உள்ளே வருவார். ஹில்டா அவர் கையிலிருந்து பையை வாங்கி, மாத்திரை பழசாகிவிட்டதா என்று பார்த்துப் புதுசு மாற்றி, மறுபடி அதே ஆணியில் மாட்டுவாள்.